நுனியால் கூட்டு: டிராக்டர் துடைப்பமும் பனியும்

தென்னந்துடைப்பத்தால் வாசல் கூட்டியவர்களின் கைக்கு ஒரு விஷயம் தெரியும். ஈர்க்கின் நுனி தரையை உரசிப் போனால் குப்பை ஓடும். அழுத்திப் பிடித்தால் ஈர்க்குகள் மடங்கிப் படுத்துக்கொள்ளும். குப்பை கிடந்த இடத்திலேயே கிடக்கும், துடைப்பம்தான் தேயும். டிராக்டரின் முன்னால் மாட்டும் சுழல் துடைப்பமும் அந்த ரகம்தான். இரண்டடிக்கு மேல் விட்டம், ஐந்தாறு அடி நீளம், நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் சுற்று என்று ஆள் பெரியதே தவிர, வேலை செய்வது இழையின் நுனி மட்டும். இந்த எந்திரத்தில் வரும் தொல்லைகளில் பெரும்பாதி, "இன்னும் கொஞ்சம் இறக்கினால் இன்னும் சுத்தமாகும்" என்ற நினைப்பில் ஆரம்பிப்பவை.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லில் நிற்பதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்கள் இந்தக் குழப்பமே வேண்டாம் என்று "ஸ்னோ கொட்டுது" என்று முடித்துவிடுகிறார்கள். இங்கே பனி என்று எழுதுவதெல்லாம் அந்த ஸ்னோதான். உறைந்து கெட்டியானதை ஐஸ் என்றே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துடைப்பத்தைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு உலகம்.

பிளேடு வழிக்கும், புளோவர் அள்ளி எறியும், துடைப்பம் கூட்டும். துடைப்பத்தின் எல்லை சுமார் ஐந்து சென்டிமீட்டர். உதிரி மாவு போன்ற காய்ந்த பனி என்றால் மெதுவாகப் போய் பத்து சென்டிமீட்டர் வரை தள்ளலாம். அதற்கு மேல் பிளேடைக் கொண்டுபோய் ஒரு தடவை வழித்துவிட்டு, மிச்சத்துக்குத் துடைப்பத்தைக் கொண்டுவருவதுதான் முறை.

இந்த எல்லை ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். பனி ஒரு பக்கமாகப் போய் விழும்படி ஐந்தடித் துடைப்பத்தைப் பக்கவாட்டில் 30 டிகிரி சாய்த்தால் அது கூட்டும் அகலம் 1.3 மீட்டர். மணிக்கு 6 கிலோமீட்டரில், அதாவது நிமிடத்துக்கு 100 மீட்டர் போகிறோம். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால், 4 சென்டிமீட்டர் பனி சதுர மீட்டருக்கு 4 கிலோ. ஆக நிமிடத்துக்கு அரை டன்னுக்கு மேல் பனி துடைப்பத்தைக் கடந்து போகவேண்டும். அதே 4 சென்டிமீட்டர் ஈரப்பனியாக, கன மீட்டருக்கு 200 கிலோவாக இருந்தால் நிமிடத்துக்கு ஒரு டன். உயரத்தை அளந்து வேகத்தை முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். கையில் ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்க்கவேண்டும். உருண்டையாகப் பிடிபட்டால் வேகத்தைப் பாதியாகக் குறைக்கவேண்டும்.

அந்த அரை டன்னைத் தூக்கி எறிய எவ்வளவு சக்தி வேண்டும்? இழை நுனியின் வேகத்துக்குப் பனியை ஏற்றிவிடத் தேவைப்படுவது அரைக் கிலோவாட்டுக்கும் குறைவு. ஆனால் துடைப்பத்தை ஓட்டும் மோட்டார் உண்மையில் ஐந்து கிலோவாட்டை எளிதாகக் குடிக்கும். மிச்சமெல்லாம் இழைகளை வளைப்பதிலும், தரையோடு உரசுவதிலும், கியரிலும் எண்ணெயிலும் சூடாகப் போகிறது. துடைப்பத்தை அழுத்த அழுத்தக் கூடுவது இந்த மிச்சம்தான்.

துடைப்பத்துக்குள் என்ன இருக்கிறது

நடுவில் ஒரு இரும்புக் குழாய். அதன்மேல் வளையம் வளையமாக இழைத் தட்டுகள் கோத்திருக்கும், வேஃபர் என்பார்கள். இதில் இரண்டு வகை. தட்டையான வேஃபர் என்றால் இரண்டுக்கு நடுவே ஒரு ஸ்பேசர் வளையம் போடவேண்டும். அலை அலையாக நெளித்து வருவது என்றால் ஸ்பேசர் தேவையில்லை, ஒன்றோடொன்று அடுக்கினால் போதும். பனிக்கு நெளிவு வகை நல்லது. வரிசைகளுக்கு நடுவே கோடு கோடாக விட்டுப்போகாது.

இழை எது என்பதில் பெரிய விவாதம் நடக்கும். பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் இழை தரையைக் கீறாது, பனியை நன்றாக எறியும், துருப்பிடிக்காது. எஃகுக் கம்பி இழை, மிதிபட்டு லேசாக ஒட்டிய பனியைச் சுரண்டும். ஆனால் இன்டர்லாக் கல் பதித்த பாதையிலும் வர்ணம் பூசிய கோடுகளிலும் தழும்பு போடும். முறிந்து விழும் கம்பிகள் சைக்கிள் டயர்களில் ஏறும். பாதிக்குப் பாதி கலந்து போடுவதும் உண்டு. என் அபிப்பிராயம்: நடைபாதையும் வீட்டு முற்றமும் என்றால் முழுக்கப் பிளாஸ்டிக். தார் போட்ட வண்டி நிறுத்துமிடம் மட்டும் என்றால் கலவை. முழுக் கம்பி பனி வேலைக்கு வேண்டாம். பனியைக் கம்பி பிளாஸ்டிக் அளவுக்கு எறிவதில்லை. பிளாஸ்டிக்குக்கும் ஒரு குறை உண்டு. கடுங்குளிரில் விறைத்துவிடும், மைனஸ் இருபதுக்குக் கீழே அழுத்தி ஓட்டினால் நுனி முறிந்து உதிரும்.

உருளை சுற்றும் திசையைக் கவனிக்கவேண்டும். டிராக்டர் சக்கரம் உருளும் திசைக்கு எதிராகச் சுற்றும். தரையைத் தொடும் கீழ்ப்பக்கம் முன்னோக்கிப் போகும், முன்பக்கம் மேலேறும், மேற்பக்கம் ஓட்டுநரை நோக்கி வரும். இழையில் ஒட்டிக்கொண்டு வரும் பனி அப்படியே முகத்தில் விழாமல் தடுப்பதற்குத்தான் மேலே வளைந்த தகட்டு மூடி. ஹைட்ராலிக் கப்ளரை, அதாவது எண்ணெய்க் குழாய்களின் இணைப்பை, மாற்றிச் சொருகிவிட்டால் உருளை எதிர்ப்பக்கம் சுற்றிப் பனியை டிராக்டருக்கு அடியில் வாரிப்போடும். முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும் தப்பு என்பதால் இதில் பெரிய சேதமில்லை.

முன்னால்தான் மாட்டவேண்டுமா, பின்னால் ஆகாதா என்று கேட்பார்கள். பின்னால் மாட்டினால் டிராக்டர் சக்கரம் முதலில் பனியை மிதித்துவிடும். மிதிபட்ட இரண்டு தடத்தையும் துடைப்பம் எடுக்காது. கூட்டி முடித்த பாதையில் இரண்டு வெள்ளை நாடா நீளமாக ஓடும். மாலைக்குள் அது ஐஸ். கோடையில் மண்ணும் சரளையும் கூட்டப் பின்துடைப்பம் சரி. பனிக்கு முன்துடைப்பம்தான்.

கோட்டுச் சோதனை

இந்த எந்திரத்தை வைத்திருப்பவர் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளவேண்டும் என்றால் அது இதுதான். சமதளமான கான்கிரீட் அல்லது தார்த் தரை, அதன்மேல் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான பனித்தூள். பனி இல்லாவிட்டால் புழுதி போதும். டிராக்டரை நிறுத்திக் கைப்பிரேக் போட்டு, துடைப்பத்தை நேராக வைத்து, வேலை செய்யும் சுற்றில் ஓடவிட்டு மெல்ல இறக்கவேண்டும். பத்து இருபது விநாடி போதும். உடனே தூக்கி, பின்னால் எடுத்து, இறங்கிப் பார்க்கவேண்டும்.

தரையில் ஒரு பட்டை சுத்தமாகியிருக்கும். அதன் அகலம் 5 முதல் 10 சென்டிமீட்டர், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அளவு. இதுதான் சரியான நிலை. பட்டை ஒரு பக்கம் அகலமாகத் தொடங்கி மறுபக்கம் ஒடுங்கினால் துடைப்பத்தின் ஒரு முனை தாழ்ந்திருக்கிறது. உடனே ஸ்பேனரைத் தூக்கவேண்டாம், முதலில் நான்கு டயரிலும் காற்று பாருங்கள். ஒரு முன்டயரில் காற்று குறைந்திருப்பதே பலமுறை காரணமாக இருக்கும். டயர் சரி என்றால் மாட்டும் சட்டத்தின் ஊசிகள், துடைப்பத்தைத் தாங்கி ஓடும் கேஸ்டர் சக்கரங்களின் உயரம், தொங்கு சங்கிலிகளின் கண்ணி எண்ணிக்கை என்ற வரிசையில் பார்க்கவேண்டும். பட்டை நடுவில் மட்டும் அல்லது இரு ஓரத்தில் மட்டும் விழுந்தால் ஒன்று தரை மேடுபள்ளம், இல்லை இழைகள் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருக்கின்றன. இடத்தை மாற்றி இன்னொரு தடவை போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு நுட்பமான விஷயம் இது என்பதை அளவாகவே சொல்லலாம். உருளையின் விட்டம் 26 அங்குலம், அதாவது 66 சென்டிமீட்டர். பட்டை 8 சென்டிமீட்டர் விழவேண்டுமென்றால், தரையை நுனி தொட்ட நிலையிலிருந்து உருளை இறங்கவேண்டியது இரண்டரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே ஒரு சென்டிமீட்டர் இறக்கினால் பட்டை 16 சென்டிமீட்டர் ஆகிவிடும். லோடர் (டிராக்டரின் முன்னால் உள்ள தூக்கும் கை) நெம்புகோலை லேசாகத் தொட்டாலே ஒரு சென்டிமீட்டர் இறங்கும். ஆகவே உயரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓட்டமுடியாது. கேஸ்டர் சக்கரமோ, சங்கிலியோ, ஸ்பிரிங் தொங்கலோ அந்த உயரத்தைப் பிடிக்கவேண்டும். லோடரில் மாட்டியிருந்தால் ஃபுளோட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதும் தப்பு. ஃபுளோட் என்பது லோடர் கையின் முழுப் பாரத்தையும் இழைகள்மேல் உட்காரவைப்பது. துடைப்பத்தின் சட்டத்திலேயே மிதவை அமைப்பு இருந்து, சக்கரங்கள் பாரத்தைத் தாங்கினால் மட்டும் ஃபுளோட்.

இழை தேயத் தேயப் பட்டை ஒடுங்கும். எட்டு பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்து சக்கரத்தை ஒரு துளை ஏற்றுவதோ திருகு கொடுப்பதோ வழக்கமாகிவிட்டால் ஒரு செட் இழை நீண்ட நாள் வரும். அழுத்தி ஓட்டுபவர்கள் ஒரே சீசனில் குழாய் தெரியும்வரை கொண்டுவந்துவிடுவார்கள். பிளாஸ்டிக் இழை இன்னொரு வழியிலும் போகும். காய்ந்த தாரில் ஒரே இடத்தில் நின்று சுற்றினால் நுனி உருகிப் பொட்டு பொட்டாகத் திரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் தீக்குச்சித் தலைபோல் இருக்கும். அப்புறம் அந்த இழை கூட்டாது, குத்தும்.

சுற்றும் வேகமும் போகும் வேகமும்

26 அங்குல உருளை ஒரு சுற்றுக்கு சுமார் 2.07 மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 160 சுற்று என்றால் நுனியின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். இழை தேய்ந்து விட்டம் 20 அங்குலமானால் அதே 160 சுற்றில் மணிக்கு 15 தான். பழைய துடைப்பம் "முன்னே மாதிரி எறிய மாட்டேங்குது" என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டாம். சுற்றைக் கூட்டினால் கொஞ்ச காலம் ஓடும்.

காய்ந்த தூள்பனிக்கு 100 முதல் 120 சுற்று போதும். ஈரப்பனிக்கு 160 முதல் 200. போகும் வேகம் மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் தூள் என்றால் 10 வரை போகலாம், சகதிபோல் இளகிய பனிக்கு 3 அல்லது 4. எண்களைவிடக் கண்ணே நல்ல அளவுகோல். பனி தாழ்வாக, குழாயில் தண்ணீர் பீய்ச்சுவதுபோல் ஒரே ஓட்டமாகப் போய் விழவேண்டும். உருளைக்கு முன்னால் பிசைந்த மாவுபோல் உருண்டு திரண்டால் சுற்று போதவில்லை, இல்லை நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். வெள்ளை மேகமாகக் கிளம்பி ஒன்றும் தெரியாமல் போனால் சுற்று அதிகம். அந்த மேகம் திரும்பவும் கூட்டிய இடத்திலேயே படியும், இரட்டை வேலை.

ஆகவே சுற்றும் வேகத்தையும் போகும் வேகத்தையும் தனித்தனியாக மாற்ற முடிகிற டிராக்டர் வேண்டும். கியர் மாற்றாமல் காலால் மிதித்தே போகும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஹைட்ரோஸ்டாட்டிக் மிதி உள்ள சிறு டிராக்டர்கள் இந்த வேலைக்குப் பிறந்தவை. கியர் வண்டியில் எஞ்சின் சுற்றைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்து குறையும். சரியான கியரைத் தேடிக்கொண்டே இருக்கவேண்டும்.

சக்தி எங்கிருந்து எடுப்பது என்பதும் டிராக்டரைப் பொறுத்தது. 25 குதிரைத்திறன் வண்டிகளில் லோடருக்குக் கிடைக்கும் எண்ணெய் ஓட்டம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 20 முதல் 30 லிட்டருக்குள். ஹைட்ராலிக் துடைப்பம் வாங்குமுன் ஒரு பெருக்கல் போடுங்கள். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 சிசி விழுங்கும், 160 சுற்று வேண்டும் என்றால் 32 லிட்டர் தேவை. 24 லிட்டர்தான் வருகிறது என்றால் 120 சுற்றுக்கு மேல் போகாது. தூளுக்குச் சரி, ஈரத்துக்குப் போதாது. சின்ன மோட்டார் போட்டால் சுற்று கூடும், முறுக்குவிசை குறையும். இதே 32 லிட்டர் 100 பார் அழுத்தத்தில் ஓடினால் 5.3 கிலோவாட், ஏழு குதிரை. மேலே சொன்ன ஐந்து கிலோவாட் இதுதான். சிறு டிராக்டருக்கு நடு பி.டி.ஓ. (எஞ்சின் சக்தியைக் கருவிகளுக்குக் கொடுக்கும், வண்டியின் நடு அடியில் உள்ள சுழல்முனை) வழியாகத் தண்டு போட்டு, கியர் பாக்ஸில் சுற்றைக் குறைத்து ஓட்டும் துடைப்பம்தான் பொருத்தம். அங்கே எண்ணெய் ஓட்டம் ஒரு தடையே இல்லை.

ஹைட்ராலிக் என்றால் இரண்டு எச்சரிக்கை. மோட்டாரில் மூன்றாவதாக ஒரு மெல்லிய கசிவுக் குழாய் இருந்தால் அதை முதலில் மாட்டி, கழற்றும்போது கடைசியில் கழற்றவேண்டும். அதை மறந்து ஓடவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறித் தண்டின் சீல் பிதுங்கிவிடும். அடுத்தது, நிறுத்தும்போது நெம்புகோலைச் சட்டென்று நடுநிலைக்கு இழுப்பது. எண்ணெய்ப்பாதை மூடிக்கொள்ளும், நூறு கிலோ உருளை சுற்றுவதை நிறுத்தாது. மோட்டார் பம்பாக மாறிக் குழாய்களை உலுக்கும். எண்ணெய் தடையில்லாமல் ஓடும் ஃபுளோட் நிலை இருந்தால் அதில் போட்டுத் தானாக நிற்கவிடவேண்டும்.

கூட்டும்போது

பனி மிதிபடுமுன் போய்ச் சேர்வதுதான் பாதி வேலை. ஆறு மணிக்குக் கடை ஊழியர்கள் வந்து நடந்துவிட்டால் ஒவ்வொரு செருப்புத் தடமும் ஒரு ஐஸ் அச்சு. துடைப்பம் சுற்றிலும் இருப்பதை எடுத்துவிட்டுத் தடங்களை மட்டும் பத்திரமாக விட்டுவைக்கும். இதனால்தான் துடைப்பம் வைத்திருப்பவர்கள் பனி நிற்கும்வரை காத்திருப்பதில்லை. 3 சென்டிமீட்டர் விழுந்ததும் ஒரு சுற்று, அப்புறம் இன்னொரு சுற்று.

ஒன்றரை மீட்டர் நடைபாதைக்கு ஐந்தடித் துடைப்பம் போதும் என்று நினைப்பார்கள். சாய்த்தால் 1.3 மீட்டர்தான், ஓரத்தில் ஒரு சாண் விட்டுப்போகும். ஆறடி என்றால் சாய்த்தும் 1.58 மீட்டர் வரும். வண்டி நிறுத்துமிடத்தில் நடுவிலிருந்து இரு பக்கமாகப் பிரித்துத் தள்ளவேண்டும். ஒரு ஓரத்திலிருந்து ஆரம்பித்து மறு ஓரம்வரை போனால் ஒவ்வொரு வரிசையும் முன் வரிசையின் பனியையும் சேர்த்துச் சுமக்கும். மூன்றாவது நான்காவது வரிசையில் 4 சென்டிமீட்டர் பனி பதினைந்தாகி நிற்கும், துடைப்பம் திணறும். வரிசைக்கு வரிசை ஒரு சாண் மேலே மேலே விழும்படி போகவேண்டும்.

காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் எறியவேண்டும். இது சொல்லத் தேவையில்லாத விஷயம்போல் இருக்கும். ஆனால் துடைப்பத்தைச் சாய்க்கும் சிலிண்டர் ஒருபக்கமே சாயும் மலிவு வண்டிகளில் பாதி நாள் எதிர்க்காற்றில்தான் ஓட்டவேண்டிவரும். இருபக்கமும் சாய்வதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் அல்ல.

சரளை போட்ட ஓரத்தை நெருங்கும்போது மூன்று நான்கு மீட்டர் முன்பே தூக்கிவிடவேண்டும். பனிக்குள் இருக்கும் கல்லைத் துடைப்பம் பிரித்துப் பார்க்காது; பனியோடு சேர்த்துக் காரின் கண்ணாடிமேல் எறியும். கடைக் கண்ணாடி, நிறுத்திய கார், நடந்து போகிறவர் எந்தப் பக்கம் என்று பார்த்தபின்தான் சாய்வை முடிவு செய்யவேண்டும்.

துடைப்பம் பிளேடைவிட உயர்ந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. மேடுதட்டிய சாக்கடை மூடி, உறைபனியில் அரை அங்குலம் தூக்கிக்கொண்ட இன்டர்லாக் கல், கான்கிரீட் இணைப்புகள். பிளேடின் வாய் அதில் முட்டினால் கல் பெயரும் அல்லது ஓட்டுநரின் நெற்றி கண்ணாடியில் முட்டும். துடைப்பம் அதன்மேல் வருடிக்கொண்டு போய்விடும். டொராண்டோ, மார்க்கம் பக்கம் வீட்டுக்கு வீடு இன்டர்லாக் போட்டிருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

டிராக்டரின் பின்பக்கத்தை மறக்கக்கூடாது. முன்னால் இருநூறு முந்நூறு கிலோ தொங்கும்போது பின்சக்கரம் லேசாகும், ஐஸில் வழுக்கும். பின்னால் உப்புத் தூவியை மாட்டினால் அந்தப் பாரமே ஈடுகட்டிவிடும். ஆனால் உப்பு தீரத் தீரப் பாரமும் தீரும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

கெடுவதெல்லாம்

கூட்டிய தரையில் குறுக்கே கோடு கோடாகப் பனி மிஞ்சினால் துடைப்பம் குதிக்கிறது. அழுத்தமும் சுற்றும் சேர்ந்து அதிகமானால் குதிக்கும். இரண்டையும் குறைத்தால் பெரும்பாலும் நிற்கும். நிற்காவிட்டால் உருளை மையம் விலகியிருக்கிறது. குழாயின் பேரிங் ஆடுகிறதா, ஒரு பக்கத்து இழைகளில் மட்டும் ஐஸ் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

இழைகள் ஒரு முனையில் குட்டையாகவும் மறுமுனையில் நீளமாகவும் கூம்பாகத் தேய்வது, எப்போதும் ஒரே பக்கம் சாய்த்து ஓட்டுவதால் வருவது. குழாய் இருமுனையும் ஒரே அமைப்பாக இருந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம். தேய்ந்த நாலு வேஃபரை மட்டும் மாற்றிப் புதிது கோப்பது காசு மிச்சம்போல் தோன்றும். புதிய நாலும் உயரமாக நின்று முழுப் பாரத்தையும் தாங்கும், பக்கத்தில் உள்ளவை தரையைத் தொடவே தொடாது. செட்டாகத்தான் மாற்றவேண்டும். கோக்கும்போது ஒவ்வொரு வேஃபரின் உள்வளையப் பற்களும் குழாயின் ஓட்டுப்பட்டையைக் கவ்வியிருக்கிறதா என்று பார்த்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு, கடைசித் தட்டை இறுக்கவேண்டும். தளர்ந்திருந்தால் வேஃபர் குழாயின்மேல் வழுக்கிச் சுற்றும். குழாயில் பள்ளம் விழும்.

வேலை முடிந்ததும் துடைப்பத்தைத் தரையிலிருந்து தூக்கி அரை நிமிடம் வெறுமனே சுற்றவிடவேண்டும். இழைகளில் சிக்கிய பனி உதறிப் போகும். இதைச் செய்யாமல் கொட்டகைக்குள் நிறுத்தினால் பாதி உருகி, இரவில் முழு உருளையும் ஒரே கட்டியாக உறையும். மறுநாள் அதைக் கவனிக்காமல் பி.டி.ஓ.வைப் போட்டால் பாரம் மிஞ்சினால் முறிவதற்கென்றே போட்ட ஷியர் போல்ட் முறியும். போல்ட் முறிவது நல்ல செய்தி; அந்த இடத்தில் கடையில் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போட்டு வைத்திருந்தால் கியர் பாக்ஸ் முறியும். எஞ்சினைத் தாழ்ந்த சுற்றில் வைத்துப் பி.டி.ஓ.வை ஈடுபடுத்தி, உருளை சுழல ஆரம்பித்தபின் எஞ்சினை ஏற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளவேண்டும். செயின் ஓட்டம் என்றால் செயின் மூடிக்குள்ளும் பனி புகுந்து உறையும், அங்கேயும் ஒரு கண்.

சூடான கொட்டகையிலிருந்து எடுத்த துடைப்பத்தை நேரே பனிக்குள் இறக்குவதும் தப்பு. வெதுவெதுப்பான தகட்டு மூடியில் பனி உருகி ஒட்டி, குளிர்ந்ததும் ஐஸ் அப்பளமாகத் தடிக்கும். கால் மணி நேரம் வெளியே நிற்கவிட்டால் இரும்பு ஆறிவிடும். இழைக்குள் கம்பியோ துணியோ சிக்கினால் எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தபின்தான் கை. ஹோஸில் கசிவு தேடும்போது விரலால் தடவக்கூடாது, அட்டைத் துண்டைப் பிடிக்கவேண்டும். ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

உப்புக் கணக்கு

துடைப்பம் வாங்குவதற்கு உண்மையான காரணம் உப்பு. கரடுமுரடான தார்மேல் பிளேடு ஓடியபின் பள்ளங்களில் பனி மிஞ்சும். சராசரியாக ஒரு மில்லிமீட்டர் அமுங்கிய பனி என்று வைத்தாலும் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ. மைனஸ் 7 டிகிரியில் ஒரு கிலோ உப்பு உருக்கக்கூடியது எட்டரைக் கிலோ ஐஸ்தான். ஆக அந்த மிச்சத்தை முழுக்க உருக்கச் சதுர மீட்டருக்கு 58 கிராம் உப்பு போடவேண்டும். துடைப்பம் அந்தப் பள்ளங்களுக்குள் நுனியை விட்டு வாரி, மிச்சத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் 6 கிராம் போதும். மைனஸ் 9, 10-க்குக் கீழே சாதா உப்பு வேலை செய்ய ரொம்ப நேரம் எடுக்கும் என்பதால், அந்தக் குளிரில் கூட்டுவதுதான் நல்ல வழி.

இதை ஊர் அளவில் செய்து பார்த்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். அவர்கள் இதற்கு வைத்த பெயர் சோப்சால்ட்னிங், கூட்டி உப்பிடுதல். முன்னால் சுழல் துடைப்பம், பின்னால் உப்புநீர்த் தொட்டி, ஒரே வண்டி, ஒரே ஓட்டம். 1999-2000 குளிர்காலத்தில் லின்ஷோப்பிங் நகரின் சைக்கிள் பாதைகளில் முயன்று பார்த்தார்கள். 2012-13 குளிர்காலம் முதல் ஸ்டாக்ஹோமில் முக்கிய சைக்கிள் தடங்களுக்கு வந்தது. ஸ்வீடனின் சாலைப் போக்குவரத்து ஆய்வு நிறுவனமான வி.டி.ஐ. இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. அந்த வேலையில் முன்னால் நிற்பவர் ஆய்வாளர் அன்னா நிஸ்கா. உப்புநீர் என்பது 23 சதவீதக் கரைசல். அந்தச் செறிவில்தான் அது மிகத் தாழ்ந்த வெப்பநிலை வரை, மைனஸ் 21 வரை, உறையாமல் இருக்கும். சதுர மீட்டருக்கு 20 மில்லி தெளித்தால் அதில் உள்ள உப்பு 5 கிராம் சொச்சம். மேலே போட்ட கணக்கோடு பொருந்துகிறதைப் பார்க்கலாம். துடைப்பம் சரியாகக் கூட்டாமல் பனியை விட்டுப்போனால் இதே கரைசல் அதில் கலந்து நீர்த்து, அப்படியே உறைந்து, இருந்ததைவிட வழுக்கும். ஆகவே இந்த முறையில் முதலில் சரியாக இருக்கவேண்டியது உப்பல்ல, துடைப்பத்தின் பட்டை.

எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. ஃபின்லாந்தின் ஓலு நகரில் குளிர் நிலையாக நிற்பதால் சைக்கிள் பாதைகளில் பனியை அமுக்கிச் சமதளமாக வைத்து, அதன்மேலேயே ஓட்டுகிறார்கள். துடைப்பமும் உப்பும் தேவைப்படுவது வெப்பநிலை பூஜ்யத்தைச் சுற்றி ஏறி இறங்கும் ஊர்களுக்கு. தெற்கு ஒன்டாரியோ அப்படிப்பட்ட ஊர். அங்கே ஒப்பந்தத்துக்கு வேலை செய்பவர்கள் ஒரு குறிப்பேடும் வைத்திருக்கவேண்டும். 2021 ஜனவரி 29 முதல் அமலில் உள்ள சட்டத் திருத்தப்படி, தனியார் இடத்தில் பனியிலோ ஐஸிலோ வழுக்கி விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். இரண்டு மாதம் கழித்து வரும் கடிதத்துக்குப் பதில் சொல்ல, எத்தனை மணிக்குக் கூட்டினோம், பனி எத்தனை சென்டிமீட்டர், தரை வெப்பம் என்ன, உப்பு எவ்வளவு என்ற நாலு வரி வேண்டும்.

பனிக்காலம் முடிந்ததும் உப்பைக் கழுவி, பேரிங்குகளுக்குக் கிரீஸ் அடித்து, துடைப்பத்தைத் தாங்கிக் கால்களில் நிறுத்தவேண்டும். தரையில் உட்காரவைத்துவிட்டுப் போனால் அடியில் உள்ள இழைகள் ஏழு மாதம் மடங்கிக் கிடந்து அப்படியே படிந்துவிடும். நவம்பரில் மாட்டும்போது உருளையின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். சுற்றுக்கு ஒருமுறை தட்டித் தட்டிக் குதிக்கும். தாங்கிக் கால் தொலைந்துபோயிருந்தால் இரண்டு மரக்கட்டையைச் சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுங்கள். இழை நுனிக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கட்டும்.